கப்பலோடு மூழ்கிய எட்டு ரியால்: எடை குறைவது இயல்பா?

வணக்கம். கடலில் மூழ்கிய கப்பல்களின் வெள்ளி நாணயங்களைச் சேர்ப்பவர்கள் யாராவது உதவுங்களேன்.

போன மாதம் எட்டு ரியால் என்ற பழைய ஸ்பானிய வெள்ளி நாணயம் ஒன்று வாங்கினேன். எல் கசாதோர் கப்பலிலிருந்து வந்ததாம். 1784-ல் வெராக்ரூஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் போகும் வழியில் மூழ்கி, 1993-ல் மீன்பிடி வலையில் சிக்கியதே, அதே கப்பல்தான். விற்றவர் சான்றிதழும் கொடுத்தார். காகிதத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அது வேறு விஷயம்.

மூன்றாம் கார்லோஸ் மன்னரின் முகம் பாதி தேய்ந்திருக்கிறது. 1783 என்ற ஆண்டும், எம் எழுத்தின் தலைமேல் குட்டி ஓ வைத்த மெக்சிகோ அச்சகக் குறியும் தெளிவாகத் தெரிகின்றன. ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். எடைதான் உறுத்துகிறது: 27 கிராம் இருக்க வேண்டியது 22.4 தான் நிற்கிறது. உப்புநீர் வெள்ளியை அரிக்கும், சரி. ஆனால் இவ்வளவா?

விளிம்பில் வட்டமும் செவ்வகமும் மாறி மாறி வர வேண்டும். என்னுடையதில் ஒரு விரல்கடை நீளத்துக்குத்தான் அது தெரிகிறது. போலி நாணயத்தை அச்சில் ஊற்றி வார்க்கும்போது விளிம்பில் விழும் வார்ப்புக் கோடு எதுவும் கண்ணில் படவில்லை.

அரிப்புக் குழியையும் வார்ப்பில் விழும் காற்றுக் குமிழியையும் லென்ஸில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அப்புறம், நாணயத்தின் மேலுள்ள கறுப்புப் படிவை எடுக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா?