அலுமினிய ஃப்ரேமில் விரிசல்: வெல்டிங் வைக்கலாமா, மாற்றியே ஆகவேண்டுமா?

கோவைக்காரன்:
2019-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஹைப்ரிட் சைக்கிள், 6061 அலுமினிய ஃப்ரேம். பத்து நாளாக மேடு ஏறும்போதெல்லாம் கிரீச் கிரீச் என்று சத்தம், பெடல்தான் என்று நினைத்துக் கிரீஸ் வைத்தேன், செயினையும் மாற்றிப் பார்த்தேன், போகவில்லை. நேற்று மருதமலை போய்வந்து துடைக்கும்போதுதான் தெரிந்தது, சீட் டியூபும் (சீட்டுக் கம்பி இறங்குகிற குழாய்) மேல் குழாயும் சேருகிற இடத்தில் பின்பக்கமாகத் தலைமுடி போல ஒரு கோடு. பக்கத்துப் பட்டறையில் 800 ரூபாய்க்கு வெல்டிங் வைத்து ஒட்டித் தருகிறேன் என்கிறார். தினமும் ஆபீசுக்கு 22 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், எடை 84. என்ன செய்யலாம்?

டிக் வெல்டர்:
வெறும் பெயின்ட் விரிசலாகவும் இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். எமரி பேப்பரால் பெயின்ட்டை எடுத்துவிட்டு ஏதாவது ஃபவுண்டரிப் பக்கம் கொண்டுபோங்கள், உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? சிவப்புச் சாயத்தை அடித்து, கொஞ்ச நேரம் விட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளை டெவலப்பர் அடிப்பார்கள். உலோகம் விரிந்திருந்தால் சிவப்புக் கோடு தானாக மேலே வரும்.

விரிசல்தான் என்றால், இதே தொழில் செய்கிற நானே சொல்கிறேன், ஒட்டாதீர்கள். ஒட்டுவது கஷ்டமே இல்லை, பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் 6061 குழாய்க்குப் பலமே டி6 என்கிற, சூடாக்கிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட்டால் வருவது, வெல்டிங் சூடு பட்டதும் அந்த இடம் இளகிப் பலம் பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். திரும்பக் கொண்டுவர, ஃப்ரேம் முழுவதையும் 530 டிகிரி வாக்கில் சூடாக்கித் தண்ணீரில் முக்கி, அப்புறம் 170 டிகிரி வாக்கில் மணிக்கணக்கில் வைக்கவேண்டும், அதில் கோணிக்கொண்டால் நிமிர்த்தவும் வேண்டும். 800 ரூபாய்க்கு யார் செய்வார்? இரும்பு ஃப்ரேமாக இருந்தால் கொண்டுவாங்க என்றிருப்பேன்.

மேட்டுப்பாளையம் ரோடு:
அவர் சொல்வது சரி, நான் பட்டவன். செயின் ஸ்டேயில் (பெடல் பக்கமிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற கீழ்க் குழாய்) ஒட்டினேன், நான்கு மாதம் ஓடியது, ஒட்டுக்கு அரை இஞ்ச் தள்ளிப் புதிதாகப் பிளந்தது. அது இருக்கட்டும், நீங்கள் சொல்கிற இடத்தில் சும்மா விரிசல் வராதே, சீட் போஸ்ட்டை, அதாவது சீட்டைத் தாங்குகிற கம்பியை, எவ்வளவு ஏற்றி வைத்திருக்கிறீர்கள்?

கோவைக்காரன்:
இப்போதுதான் கழற்றிப் பார்த்தேன். போஸ்ட் இதுவரைக்குமாவது உள்ளே இருக்கவேண்டும் என்று காட்டுகிற மினிமம் கோடு, வெளியே இரண்டு விரல் மேலே நின்றிருக்கிறது, நான் கவனித்ததே இல்லை. என் உயரம் 183 செ.மீ., ஃப்ரேம் 17 இஞ்ச். பெயின்ட்டையும் சுரண்டிவிட்டேன், கோடு உலோகத்திலேயே இருக்கிறது, நகம் மாட்டுகிறது.

மேட்டுப்பாளையம் ரோடு:
அப்போது ஃபவுண்டரிக்குப் போகிற வேலையும் மிச்சம். போஸ்ட் உள்ளே போதுமான அளவு இறங்காததால், நீங்கள் உட்காரும்போதெல்லாம் அது நெம்புகோல் மாதிரி அந்த மூட்டை நெம்பியிருக்கிறது. இதே ஃப்ரேமை இலவசமாக ஒட்டிக் கொடுத்தாலும் உங்களுக்குச் சின்னதுதான். வாரண்டி பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்குத்தான், அதை நம்பவேண்டாம். 20, 21 இஞ்ச் பாருங்கள். வெறும் ஃப்ரேம் வாங்குவதென்றால் சீட் போஸ்ட் விட்டம், பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) மரை, ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) அளவு, பின்சக்கர அச்சின் அகலம் எல்லாம் அளந்துகொண்டு போங்கள், ஒன்று பொருந்தாவிட்டாலும் செலவு ஏறிக்கொண்டே போகும். என்னைக் கேட்டால், சரியான அளவில் ஒரு பழைய சைக்கிளை முழுதாகவே வாங்கிவிட்டு, இதிலிருந்து சக்கரத்தையும் பிரேக்கையும் எடுத்துக்கொள்வேன்.

கோவைக்காரன்:
சரிங்க, பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து பஸ். 20 இஞ்சில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வாங்கும்போது முதலில் சீட் போஸ்ட்டை உருவிப் பார்ப்பேன்.