‘வாங்கி’யா, ‘கொளுவி’யா: பி62 புரதத்துக்கு ஒரு சொல்

ஹட்டனிலிருந்து:

ஐயா, கலம் தன் கழிவைத் தானே விழுங்கிச் செரிப்பதுதான் தன்விழுங்கல் (autophagy). அதில் வேலை செய்யும் பி62 புரதத்தைத் ‘தன்விழுங்கல் வாங்கி’ (autophagy receptor) என்று எழுதுவது சரியில்லை. உயர்தர மாணவருக்கு வாங்கி என்றால் இன்சுலின் வாங்கிதான்: மென்சவ்வில் பதிந்திருந்து, வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை உள்ளே கடத்துவது. பி62 சமிக்ஞை வாங்கப் பிறந்ததல்ல. கலத்தின் கழிவைப் பிடிக்கிறது.

பேராதனையிலிருந்து:

உண்மைதான் தங்கச்சி. அமைப்பைப் பாருங்கள், சொல் அதிலேயே இருக்கிறது. மனித பி62இல் 440 அமினோவமிலங்கள். தலைப்பக்கம் ஒன்றோடொன்று கோத்து இழையாகும் பகுதி. வால்பக்கம், யுபிகுயிற்றின் என்ற அடையாளப் புரதம் ஒட்டிய சரக்கை, அதாவது கழிவை, பற்றும் பகுதி. இடையில் ஒரு குறுந்தொடர்: 338ஆம் இடத்துத் திரிப்டோபன் எல்.சி.3 என்ற புரதத்தின் ஒரு குழியில் அமர, 341ஆம் இடத்து லியூசின் அடுத்த குழியில் அமர்கிறது. இரண்டையும் அலனினாக மாற்றினால் பிடி விட்டுவிடும். எல்.சி.3ஓ தன் கிளைசின் நுனியால், கழிவை விழுங்கும் பையின் மென்சவ்வுக் கொழுப்போடு பிணைந்து நிற்கிறது.

தோட்டத்துக் கம்பியில் கொழுந்துச் சாக்கைக் கொளுவி இறக்குவார்களே, அதே வேலை: ஒரு முனை கம்பியில், மறு முனை சாக்கில். ஆகவே ‘கொளுவி’.

ஹட்டனிலிருந்து:

பிடித்திருக்கிறது ஐயா, இரண்டு இடத்தில் இடிக்கிறது. கொளுவி வினையெச்சமும் ஆகிறது. ‘பி62 கொளுவி அழிந்தது’ என்றால் எப்படி வாசிப்பது? மற்றது, சாக்கு இறங்கினாலும் கொளுக்கி மிஞ்சும். பி62 சரக்கோடு சேர்ந்து, கலத்தின் செரிமானப் பையான இலிசோசோமில் செரிக்கிறதே.

பேராதனையிலிருந்து:

முதலாவதற்குச் ‘சரக்குக்கொளுவி’ என்று சேர்த்தெழுதுவோம். ஒற்று மிகுவதால் பெயரென்று தெரியும். ‘கொளுக்கி’ வேண்டாம், அந்தப் பெயரிலேயே ஹூக் என்றொரு புரதக் குடும்பம் இருக்கிறது.

இரண்டாவதைச் சொல்லில் ஏற்றத் தேவையில்லை, விளக்கத்தில் கட்டாயம் எழுத வேண்டும். சரக்கோடு செரிப்பதால்தான் பி62 தேங்கினால் தன்விழுங்கல் அடைபட்டது என்கிறோம். அங்கேதான் மாணவர் வழுக்குவதும்: என்.ஆர்.எப்.2 என்ற, மரபணுக்களை இயக்கும் புரதத்தின் சமிக்ஞை பி62 மரபணுவையே கூடுதலாக இயக்கும், அடைப்பே இல்லாமல் அளவு ஏறும். இலிசோசோமின் செரிப்பைத் தடுக்கும் பாபிலோமைசின் இட்ட கலங்களையும் இடாதவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

ஹட்டனிலிருந்து:

அப்போ நிக்ஸ் என்ற புரதம்? அது இழைமணியின் வெளிமென்சவ்விலேயே பதிந்திருக்கிறது, யுபிகுயிற்றின் இல்லாமலே எல்.சி.3ஐப் பிடிக்கிறது.

பேராதனையிலிருந்து:

அதுவும் சரக்குக்கொளுவிதான். சாக்கோடு சேர்த்துத் தைத்த கொளுவி.