மறு: ‘செங்குத்து மிகைப்படுத்தல்’ சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மலை, பள்ளங்களை மேடுபள்ளமாகவே வடித்துக் காட்டும் புடைப்பு நிலப்படங்களில் உயரத்தை மட்டும் கூட்டிக் காட்டுவதற்குச் ‘செங்குத்து மிகைப்படுத்தல்’ என்ற சொல்லை முன்மொழிந்திருந்தீர்கள். பொருள் புரிகிறது. ஆனால் படித்த உடனே, படத்தைச் செய்தவர் ஏதோ தில்லுமுல்லு செய்துவிட்டார் என்ற ஐயம் எழுகிறது.

‘படுத்து’ மேல் பழிபோட முடியாது. மேம்படுத்து, ஒழுங்குபடுத்து எல்லாம் நல்ல பிள்ளைகள்தாம். ‘மிகை’யும் குற்றமற்றது: ‘மிகைநாடி மிக்க கொளல்’ என்ற குறளில் அது எது கூடுதல் என்பதை மட்டுமே குறிக்கிறது. இரண்டும் சேர்ந்த சொல்தான் வழக்கில் கறைபட்டுவிட்டது. ‘இது மிகைப்படுத்தப்பட்ட செய்தி’ என்பது குற்றச்சாட்டு. ‘நான் மிகைப்படுத்தவில்லை’ என்பது தற்காப்பு. எங்கே வந்தாலும் கூண்டில் ஏறித்தான் நிற்கிறது.

இருவரும் அறிந்தே கூட்டிச் சொல்வதற்கும் ஏமாற்றக் கூட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேச்சில் நாம் நன்றாகவே காக்கிறோம். ‘ஆயிரம் முறை சொல்லிவிட்டேன்’ என்றால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் கணக்கு தெரியும். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது வேறு. அங்கே கேட்பவர் நம்பிவிட வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. (அளவில்லாமல் பேசுகிறவரைத்தான் ‘அளக்கிறார்’ என்கிறோம் என்பது என் நெடுநாள் வியப்பு.)

முதல் வகைக்கு இலக்கணத்தில் ‘உயர்வு நவிற்சி’ இருக்கிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த ‘உயர்வு’தான் எனக்கு இடறுகிறது. அனிச்சப் பூவைக் காம்பு களையாமல் சூடினால் அவள் இடை முறிந்துவிடும் என்பது திருக்குறளில் வரும் கற்பனை. அங்கே உயர்ந்தது எது? மெலிவு எல்லை கடந்திருக்கிறது, அவ்வளவுதான். தண்டியலங்காரம் இதை ‘அதிசயம்’ என்றது. எல்லை கடத்தல் என்ற கருத்துக்கு அது நெருக்கம், ஆனால் இன்று அந்தச் சொல் வியப்புக்குப் போய்விட்டது. அப்பால் எறிதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்தான் ஆங்கிலத்தில் இந்த அணிக்கும் (hyperbole), கணிதத்தில் நாம் அதிபரவளையம் என்னும் வளைகோட்டுக்கும் (hyperbola) பெயர் தந்தது. ஆகவே அணிக்கு ‘மிகைநவிற்சி’ என்பேன். பள்ளிப் பாடநூல் மாறாது என்று தெரியும். மொழியியல் கட்டுரைகளிலாவது புழங்கட்டும்.

இனி நிலப்படம். ஒரு மீட்டர் விட்டமுள்ள உலக உருண்டையில் எவரெஸ்ட்டை உண்மை விகிதத்தில் வைத்தால் அதன் உயரம் சுமார் 0.7 மில்லிமீட்டர். பார்வைக்கு மலையாகவே தோன்றாது. உயரத்தைக் கூட்டுவது ஏமாற்று அல்ல, தேவை. எத்தனை மடங்கு என்பதையும் குறித்துவிடுகிறார்கள். கிடை அளவை 1:1,00,000, செங்குத்து அளவை 1:20,000 என்றால் ஐந்து மடங்கு. இப்படி அறிவித்துச் செய்வதற்குச் ‘செங்குத்து மிகை’ போதும். அந்த ஐந்து ‘மிகை மடங்கு’. சுருக்கம், எண்ணோடும் ஒட்டும்: ‘மிகை மடங்கு 5’.

புள்ளியியலில் உண்மை மதிப்பைவிடக் கூடுதலாகக் கணிப்பதற்கு ‘மிகைமதிப்பீடு’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதில் பிழை உண்டு, கள்ளம் இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை. உயரத்தைக் கூட்டாமல் குறைத்துக் காட்டினால், மடங்கு ஒன்றுக்குக் கீழே போகும். அப்போதும் ‘மிகை மடங்கு 0.5’ என்று எழுதுவதா? எனக்கு அது உறுத்துகிறது. நிலப்படத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.