625 மாத்திரையில் அந்த 125 என்ன செய்கிறது?

வேப்பங்காற்று:
இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "அமாக்ஸிசிலின்-கிளாவுலானிக் அமிலம் 625 என்றால் 625 மில்லிகிராம் ஆன்டிபயாடிக். இரண்டும் சேர்ந்து கிருமியைக் கொல்லும். 625 கிடைக்காவிட்டால் 375 இரண்டு போடலாம்." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 625இல் அமாக்ஸிசிலின் 500தான். மீதி 125 கிளாவுலானிக் அமிலம். அதன் வேலை கொல்வதல்ல, காவல் காப்பது. பல பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து அமாக்ஸிசிலின் மூலக்கூறில் உள்ள வளையத்தை உடைத்துவிடுகின்றன. கிளாவுலானிக் அமிலத்திலும் அதே வளையம் உண்டு. நொதி அதைப் பிடிக்கப் போய், விடுபட முடியாமல் செயலிழக்கும். அமாக்ஸிசிலின் தப்பிக்கும்.

ஒற்றைப்பனை:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். கிளாவுலானிக் அமிலம் எங்கிருந்து கிடைத்தது? ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து. அந்த இனம் தந்த ஆன்டிபயாடிக்குகள் எத்தனை! இதற்கும் கிருமியை எதிர்க்கும் தன்மை உண்டு.

வேப்பங்காற்று:
உண்டு, மிகப் பலவீனமாக. மாத்திரையில் இருக்கும் அளவை நம்பி யாரும் அதைத் தனியாகக் கொடுப்பதில்லை.

ஒற்றைப்பனை:
ஆக, உண்டு! முதலில் "கொல்வதல்ல" என்றீர்கள். பலவீனம் வேறு, இல்லை என்பது வேறு.

வேப்பங்காற்று:
அதன் வேலை அதுவல்ல என்றேன். வரியை முழுதாகப் படியுங்கள். ஆபத்தான பகுதியை மட்டும் நைசாகத் தாண்டிவிட்டீர்களே, அதற்கு வருகிறேன். 375 என்பது 250 + 125. இரண்டு போட்டால் 500 + 250. கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகிவிடும். வயிற்றுப்போக்கு அதனால்தான் கூடும். பித்தம் தேங்கி மஞ்சள் காமாலை வருவதும் பெரும்பாலும் அதன் பங்குதான். அரிதுதான், ஆனால் மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்துக்கூட வரும். 1000 மாத்திரையைப் பாருங்கள்: 875 + 125. அமாக்ஸிசிலினைக் கூட்டினார்கள், 125ஐத் தொடவில்லை. ஏன் என்று யோசியுங்கள்.

நீலக்குடை:
ஒரு சந்தேகம். தொண்டை வலிக்கு எனக்கு 625 எழுதினார்கள். அந்த 125 எனக்குத் தேவைதானா?

வேப்பங்காற்று:
எந்தக் கிருமி என்பதைப் பொறுத்தது. வைரஸ் என்றால் இரண்டுமே வீண். தொண்டையைத் தாக்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இந்த நொதியைச் சுரப்பதே இல்லை. அதற்கு வெறும் அமாக்ஸிசிலின் போதும். எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ்) கிருமிக்கு நேர்மாறு: அமாக்ஸிசிலின் போய் ஒட்ட வேண்டிய புரதமே அதில் மாறியிருக்கிறது. கிளாவுலானிக் அமிலம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. நாய்க்கடி, பூனைக்கடி போன்றவற்றில்தான் இந்தக் கூட்டின் அருமை தெரியும். ஆனால் உங்களுக்கு எழுதியவர் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது, அவரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குறிஞ்சிநாடன்:
வேப்பங்காற்று இருக்கும் இடத்தில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது. காய்ச்சல் பற்றிய பேச்சிலும் இப்படித்தான் எல்லோருக்கும் பாடம் எடுத்தார். ஐயா, நீங்கள் டாக்டரா?

வேப்பங்காற்று:
மருந்தாளுநர். இந்த மாத்திரையைத் தினமும் எடுத்துக் கொடுப்பவன். அந்தப் பேச்சில் வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கேட்டு அடம்பிடித்தவர் நீங்கள். மறக்கவில்லை.

குறிஞ்சிநாடன்:
நான் கேட்டது என் குழந்தைக்கு. அதை இங்கே இழுப்பதுதான் உங்கள் நாகரிகமா?

ஒற்றைப்பனை:
பேச்சை மாற்ற வேண்டாம். கிளாவுலானிக் அமிலம் கொஞ்சமாவது கொல்லுமா, கொல்லாதா?

வேப்பங்காற்று:
375ஐ இரண்டாகப் போடச் சொன்னீர்களே, அதை அழித்தீர்களா?

ஒற்றைப்பனை:
கேள்விக்குக் கேள்வி பதிலாகாது.

வேப்பங்காற்று:
1981இல் பிரிட்டனில் இந்தக் கூட்டு மருந்து விற்பனைக்கு வந்ததே அமாக்ஸிசிலினைக் காப்பாற்றத்தான். துணைக்கு இன்னொரு கொலையாளி வேண்டும் என்றால் இன்னொரு ஆன்டிபயாடிக்கையே சேர்த்திருப்பார்களே!

ஒற்றைப்பனை:
வரலாறு கேட்கவில்லை. "உண்டு" என்று நீங்களே எழுதினீர்கள். அது எனக்குப் போதும்.

வேப்பங்காற்று:
"மிகப் பலவீனமாக" என்பதை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுகிறீர்கள். உங்கள் பதிவை நம்பி ஒருவர் 375ஐ இரண்டிரண்டாக விழுங்கினால் யார் பொறுப்பு?

நீலக்குடை:
சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்றாவது யாராவது சொல்லுங்கள்.

வேப்பங்காற்று:
சாப்பிடத் தொடங்கும்போது. வயிற்றுக்கும் நல்லது, கிளாவுலானிக் அமிலமும் நன்றாக உட்கிரகிக்கப்படும்.

ஒற்றைப்பனை:
உட்கிரகித்து என்ன செய்யும்? கொஞ்சம் கொல்லும்!