ரோயிங் மெஷின்: பலமாக இழுத்தும் வேகம் வரவில்லை, முதுகு வலி

கடலோடி: அவசரம். ரோயிங் மெஷினில் (படகு வலிப்பது போலப் பயிற்சி தரும் மெஷின்) எவ்வளவு பலமாக இழுத்தாலும் 500 மீட்டருக்கான நேரம் இறங்க மாட்டேன் என்கிறது. அப்புறம் கீழ் முதுகு பிடித்துக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

மணி_ஆர்: எந்த வகை மெஷின்? காற்றைக் கூட்டிக் குறைக்கும் டேம்பர் எந்த எண்ணில்? நிமிடத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக், அதாவது எத்தனை முறை இழுத்துத் திரும்புகிறீர்கள்?

நீலவானம்: கால் பட்டையைப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்துக்கு மேலே வர வேண்டும். மேலேறிக் கணுக்காலை ஒட்டி நின்றால் கால் சரியாக மடங்காது, முதுகுதான் வளையும். பாதிப் பேருக்குப் பிரச்சினை இதுதான்.

கடலோடி: காற்று விசிறி மெஷின். டேம்பர் 10. ஸ்ட்ரோக் 32. பட்டை சரியாகத்தான் இருக்கிறது.

பழைய_துடுப்பு: இதற்குப் பலமுறை பதில் எழுதியாயிற்று, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கப் பழகுங்கள். விசிறிக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதைத்தான் டேம்பர் மாற்றும். 10-இல் வைத்தால் இரண்டு ஸ்ட்ரோக்குக்கு நடுவே விசிறிச் சக்கரம் சீக்கிரம் வேகம் இழக்கும், ஒவ்வொரு முறையும் அதைக் கிளப்பும் பாரம் முதுகில் விழும். 3 முதல் 5 வரை போதும்.

மணி_ஆர்: கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே. கடலோடி, வரிசையைக் கவனியுங்கள். இழுக்கும்போது முதலில் கால், பிறகு இடுப்பிலிருந்து உடல், கடைசியில் கை. திரும்பும்போது கை, உடல், கால். நீங்கள் உதைத்ததும் இருக்கை மட்டும் பின்னால் ஓடி, கைப்பிடி அங்கேயே நிற்கிறதா? அப்படியென்றால் கால் பலம் கைப்பிடிச் சங்கிலிக்குப் போகவே இல்லை, மிச்சத்தை முதுகு தூக்குகிறது. ஸ்ட்ரோக்கை 20-க்கு இறக்குங்கள். இழுக்கும் நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் எடுத்துத் திரும்புங்கள். பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும்.

அருவி: படகில் ஏறாமல் ஸ்ட்ரோக் வராது. துடுப்பின் அலகை நீரில் இறக்குவது, எடுப்பது, படுக்கவைத்துத் திருப்புவது எதுவும் மெஷினில் கிடையாது.

பழைய_துடுப்பு: உடலின் வரிசை இரண்டிலும் ஒன்றுதான். அணித் தேர்வுக்கே 2000 மீட்டர் மெஷின் சோதனை வைக்கிறார்கள்.

அருவி: அது பலத்தை அளக்கும், நுட்பத்தை அளக்காது. போட்டியில் ஒற்றையர் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ, ஏறுபவர் அதைப் போலப் பல மடங்கு. இழுத்து முடித்துத் திரும்பும்போது அவசரமாக முன்னால் வந்தால் படகின் ஓட்டம் அப்படியே தடைபடும். மெஷினில் அது உறைக்காது.

நீலவானம்: பட்டையை யாரும் பேசவே இல்லை.

கடலோடி: டேம்பர் 4, ஸ்ட்ரோக் 20. வலி குறைவு. நன்றி.

மணி_ஆர்: நல்லது. வலி திரும்பினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இருக்கை முந்துகிறதா என்று கேட்டிருந்தேன், பார்த்தீர்களா?