ஆச்சி வீடு (வாட்ஸ்அப் குழு)

செல்வி: கவிதாவுக்கு டிஎம் சீட் கிடைத்துவிட்டது, எம்டிக்கு மேல் படிப்பு. மெடிக்கல் கேஸ்ட்ரோ (வயிறு, கல்லீரல் மருத்துவம்), சென்னை 🙏

குமார்: சூப்பர் கவி!

ராணி: இன்னும் படிப்பா? தையில் நிச்சயம் என்றீர்களே

செல்வி: அதைக் கேட்கத்தான் போட்டேன் மதினி. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்லணும்

கணேசன்: எல்லாருக்கும் புரியும்படி சொல்கிறேன். எம்பிபிஎஸ் 5½ வருடம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருடமும் அதில் அடக்கம். எம்டி 3 வருடம். அப்புறம் நீட் எஸ்எஸ் நுழைவுத் தேர்வு எழுதி டிஎம் 3 வருடம். ஆக 11½. இரைப்பை, குடல், கல்லீரல், கணையம் எல்லாம் இதில் வரும். கல்லீரலுக்கு மட்டும் ஹெபடாலஜி என்று தனி டிஎம்மும் உண்டு. ஆபரேஷன் செய்ய வேண்டுமென்றால் எம்எஸ், எம்சிஎச் என்று வேறு வழி. கவிதா கத்தி எடுக்க மாட்டாள், குழாய்தான் விடுவாள்

குமார்: குழாயா??

கவிதா: எண்டோஸ்கோப்பி அண்ணா, கேமரா வைத்த குழாய்

குமார்: ராஜா சித்தப்பாதான் முதல் பேஷண்ட்

ராஜா: டேய். எனக்கு வெறும் கேஸ்

ராணி: எம்பிபிஎஸ் ஃபீஸுக்கு விற்ற வயலில் எனக்கும் பங்கு இருந்தது. சும்மா ஞாபகப்படுத்தினேன்

ராஜா: இப்போது எதற்கு அக்கா அது

கணேசன்: ராணி, குழுவில் வேண்டாம்

ராணி: சரி. கவிதா, பாண்டிக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுக்கிறோம்

கவிதா: எத்தனை நாளாக அத்தை? ஸ்கேன் எடுத்தீர்களா?

ராணி: பத்து நாள். ஸ்கேன் எதற்கு? போன தடவை கீழாநெல்லியில்தானே சரியானது

கவிதா: ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பெயர் கீழாநெல்லிக்கு. பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அது இலைக்கு அசையாது, ஈஆர்சிபி செய்துதான், அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டுத்தான் எடுக்கணும். அரிப்பு இருக்கிறதா? மலம் வெளுத்துப் போகிறதா?

ராணி: ராத்திரி முழுக்கச் சொறிகிறான். மற்றதைக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான்

கவிதா: நாளைக் காலையே கூட்டிப் போங்கள். குளிர் காய்ச்சல் வந்தால் இன்றைக்கே

குமார்: அத்தை, 7 மணிக்கு கார் கொண்டு வருகிறேன்

ஆச்சி: 🎤 2:14

குமார்: கேட்டுவிட்டேன். கல்யாணம் எப்போது என்கிறார். மீதி இரண்டு நிமிஷம் இருமல்

கணேசன்: டிஎம் முடித்தாலும் பாண்ட் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கணும். அதையும் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடுங்கள்

செல்வி: அத்தான், ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சொல்லட்டும்?

ராணி: ஸ்கேனுக்கு வெறும் வயிறா?

கவிதா: ஆமாம் அத்தை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எதுவும் வேண்டாம்

செல்வி: யாராவது பதில் சொல்லுங்கள்

ராஜா: குமார், காரில் எனக்கும் இடம் இருக்குமா? வந்ததுக்கு ஒரு ஸ்கேன் பார்த்துவிடுகிறேன்

குமார்: வெறும் கேஸ்தானே சித்தப்பா 😄