ஸ்டில் லைஃப்: அசையாப்பொருளா, வைப்போவியமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஸ்டில் லைஃப், அதாவது பழம், பூ, பாத்திரம் மாதிரிப் பொருள்களை வச்சு வரையுற படம், அதுக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்னு போற இந்த இழையை மூணு நாளாப் படிச்சுக்கிட்டேதான் இருக்கேன், கடையில பிரேம் வேலை தலைக்கு மேல கெடந்ததால பதில் போட முடியல. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

> அசையாப்பொருள் ஓவியம்னே வச்சிக்கலாமே, நல்ல தமிழ்தானே

நல்ல தமிழ்தாண்ணே, யாரு இல்லைன்னா? போன வாரம் ஒரு படத்துக்கு அப்படித்தான் துண்டுச்சீட்டு எழுதி ஒட்டுனேன். பக்கத்துக் கடைக்காரர் படிச்சிட்டு "என்னப்பு, பத்திர ஆபீஸ் வேலையும் பார்க்குறியா"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. அசையாச் சொத்து மண்டையில அவ்வளவு ஆழமா உக்காந்திருக்கு நமக்கு.

இழையில வந்த இன்னொரு பேரு, "உயிரற்ற பொருள் ஓவியம்", அது எனக்கு இன்னும் ஒப்பல. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வெள்ளன வர்ற மல்லி மொட்டாத்தான் வருது, கூடையில கெடந்தே சாயங்காலம் விரியுது. அதை ஒருத்தன் காலையில வரைய உக்காந்தா மதியத்துக்குள்ள மாடல் மாறிப்போகும், இது உயிரற்றதா, இல்ல அசையாததா? பிரெஞ்சுக்காரங்க செத்த இயற்கைன்னு அர்த்தம் வர்ற மாதிரிதான் சொல்றாங்க, இங்கிலீஷ்காரங்க 17ஆம் நூற்றாண்டுல டச்சுலேர்ந்து ஸ்டில்லெவன்ங்கிற சொல்லை எடுத்துக்கிட்டாங்க, ஸ்பெயின்ல சாப்பாட்டுக்கடை, சரக்கறைன்னு வர்ற சொல்லுலேர்ந்து போதேகோன்னு பேரு. அவங்கவங்க கண்ணுக்கு எது பட்டுச்சோ அதைச் சொல்லா வச்சிருக்காங்க, நாம மட்டும் எதுக்கு ஸ்டில்லுக்கு ஒண்ணு லைஃபுக்கு ஒண்ணுன்னு எண்ணிப் போட்டுக்கிட்டு?

என் யோசனை வைப்போவியம். வைப்பு + ஓவியம், கோட்டோவியம் மாதிரி.

ஏன்னா இந்த வகைப் படத்துல பாதி வேலை தூரிகையைத் தொடுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது, எதை எங்க வைக்கிறதுங்கிறதுலதான். பிரெஞ்சு ஓவியர் செசான் பழத்தை அங்கிட்டு இங்கிட்டு சாய்க்க அடியில காசு முட்டுக் கொடுத்து வைப்பாராம், கூட இருந்து பார்த்தவர் எழுதியிருக்காரு. என் கடைக்கு ஒரு கஸ்டமர் வருவாரு, ஸ்டில் லைஃப் மட்டும்தான் வாங்குவாரு, அவர் சொல்லிக்கொடுத்தது: வாங்குறப்ப பளபளப்பைப் பார்க்காத, பொருள் மேசையைத் தொடுற எடத்தைப் பாரு. போன மாசம் கொண்டுவந்த படத்துல ஒரு பித்தளைச் செம்பும் நாலு கத்தரிக்காயும், செம்போட அடியில ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைக் களிம்பு, அதுக்குக் கீழ நெழல் கிட்டத்தட்ட ஊதா, செம்பு கனமா உக்காந்திருக்கு. ஆனா ஒரு கத்தரிக்காய்க்கு நெழல் சரியா விழல, அந்தரத்துல மிதக்குது. அதைக் காட்டித்தான் வெலையைக் கொறைச்சேன்னாரு, கெட்டிக்காரர்.

> அப்ப இன்ஸ்டலேஷனை என்ன சொல்லுவீங்க? வைப்புன்னா அதுவும் வைப்புதானே

நல்ல கேள்வி, ரெண்டு நாள் இதுலதான் மாட்டிக்கிட்டேன். இன்ஸ்டலேஷன்னா, வரையாம பொருள்களையே ஒரு எடத்துல வச்சு அதையே கலைப்படைப்பாக் காட்டுறது. 2019ல மியாமியில இத்தாலியக் கலைஞர் கத்தேலான் ஒரு வாழைப்பழத்தை டேப் போட்டுச் சுவத்துல ஒட்டுனாரே, 2024ல அதோட ஒரு பிரதி நியூயார்க் ஏலத்துல 62 லட்சம் டாலருக்குப் போச்சு. நம்ம ஊர்ல எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆனா வாங்குனவர் காசு குடுத்தது அந்தப் பழத்துக்கு இல்ல, சான்றிதழுக்கும் எப்படி ஒட்டணும்கிற குறிப்புக்கும்தான், பழம் அழுகுனா வேற மாத்திக்கலாம். அதாவது அங்க ஓவியம் போயிருச்சு, வைப்பு மட்டும் நிக்குது. பழைய டச்சுப் படத்துல பழத்து மேல ஒரு ஈயை உக்கார வச்சு இதெல்லாம் அழுகிப்போகும்னு காட்டுவாங்க, இவரு நெசப் பழத்தையே அழுக விட்டுட்டாரு. சமகாலக் கலை புரியலைன்னு சொல்றவங்களுக்கு இந்த வழியாச் சொன்னா கொஞ்சம் புடிபடுது, என் அனுபவத்துல. இன்ஸ்டலேஷனுக்கு நிறுவல்னு ஏற்கெனவே பொழங்குறோம், அது இருக்கட்டும். பின்னால ஓவியம் ஒட்டியிருக்கிறதால கொழப்பம் வராது.

வைப்புன்னா வேற மாதிரி அர்த்தம் வருதேன்னு தனி மடல்ல ஒருத்தர் கேட்டிருந்தாரு. வைப்பு நிதியில பணம் போடுறப்ப யாரும் சிரிக்கிறதில்லையேண்ணே. இன்னொண்ணு, எண்ணிச் சொல்ல வசதி: "என்கிட்ட ஏழு வைப்போவியம் இருக்கு". உயிரற்ற பொருளை வச்சு இப்படிச் சொல்லிப் பாருங்க, மூச்சு வாங்கும்.

வியாழக்கிழமை கடைப் படங்களுக்கு ஒட்டுற லேபிள் பிரிண்டுக்குப் போகுது. அதுக்குள்ள இதைவிடச் சின்னதா யாராச்சும் குடுத்தா மாத்திர்றேன்.